பழைய காரீயத்தை உருக்கிச் சுத்தம் செய்ய எந்த இளக்கி நல்லது: மரத்தூளா, மெழுகா, வெண்காரமா?

தூண்டில்காரன்

வணக்கம். சிங்கப்பூரில் பிடோக் படகுத்துறையில் தூண்டில் போடுகிறவர்களுக்கு என் கவலை புரியும். நீரோட்டம் இழுக்கிற இழுப்பில் சின்னக் குண்டு நிற்பதில்லை. பெரிய குண்டு போட்டால் அடியில் எதிலாவது சிக்கி அறுந்துபோகிறது. லாபம் கடைக்காரருக்குத்தான். அதனால் ஈயக்குண்டுகளை (நான் ஈயம் என்று சொல்வது காரீயத்தைத்தான்) நானே வார்த்துக்கொள்ள முடிவு செய்திருக்கிறேன்.

கையில் இருப்பவை: சக்கரத்தைச் சமன்செய்ய மாட்டி, டயர் கடையில் கழற்றிப்போட்ட சக்கர எடைகள் ஒரு வாளி, பழைய கட்டடத்திலிருந்து வந்த ஈயத்தகடு, கரையில் பொறுக்கிய குண்டுகள், உலோகங்களைப் பற்றவைக்கும், ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்றாசுக் கம்பி கொஞ்சம். எல்லாவற்றிலும் சாயம், தார், உப்பு, மண். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் உருக்கப்போவதில்லை, யாரும் பதற வேண்டாம். மலேசியாவின் ஜோகூரில், குளுவாங் பக்கம் மாமாவின் தோட்டத்தில் நான்கு புறமும் திறந்த கொட்டகை இருக்கிறது. எரிவாயு அடுப்பும் வார்ப்பிரும்புச் சட்டியும் தயார்.

உருகிய ஈயத்தின் மேல் திரளும் கசட்டைப் பிரிக்க இளக்கியாக எதைப் போடுவது என்பதுதான் கேள்வி. ஒருவர் வெண்காரம் (போராக்ஸ்) என்கிறார், ஒருவர் மெழுகுவர்த்தி என்கிறார், இன்னொருவர் மரத்தூள் என்கிறார். செய்து பழகியவர்கள் சொல்லுங்கள்.

சிராங்கூன் பத்தர்

வெண்காரம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? எங்கள் தொழிலில் வெண்காரம் தூவாமல் உலோகம் உருக்கும் மூசையை உலையில் வைப்பதே இல்லை. தங்கமோ வெள்ளியோ, ஒரு சிட்டிகை போட்டால் அழுக்கு முழுவதும் பிசினாகத் திரண்டு ஓரம் ஒதுங்கிவிடும். உலோகம் முகம் பார்க்கும்படி நிற்கும். மரத்தூளைப் போடச் சொல்கிறவர்களை நினைத்தால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. சுத்தம் செய்ய வந்த இடத்தில் யாராவது குப்பையைக் கொட்டுவார்களா?

வேதிவாணி

பத்தர் ஐயா, தங்கத்துக்கு நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. தங்கம் 1,064 டிகிரி செல்சியஸில் உருகுகிறது, வெள்ளி 962இல். வெண்காரம் 743இல். உங்கள் மூசையில் உலோகம் உருகுவதற்கு முன்பே வெண்காரம் உருகி, ஆக்சைடுகளைக் கரைத்துக்கொள்ளத் தயாராக நிற்கிறது. காரீயமோ 327.5 டிகிரியிலேயே உருகிவிடும். தூண்டில்காரர் தம்முடைய சட்டியை 370க்கு மேல் கொண்டுபோக வேண்டிய அவசியமே இல்லை. அந்தச் சூட்டில் வெண்காரம் தன்னிடமுள்ள படிக நீரை விட்டுப் பொரிந்து, வெள்ளை நுரையாக உப்பி, அப்படியே மேலே உட்கார்ந்திருக்கும். எதையும் கரைக்காது.

தொல்லை அதற்குப் பிறகுதான். கரண்டியிலும் சட்டியின் சுவரிலும் ஒட்டிக்கொண்ட மிச்சம் ஆறியதும் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். நம் ஊர்க் காற்றின் ஈரத்தைப் பற்றி யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அடுத்த முறை அந்தக் கரண்டியை உருகிய ஈயத்தில் முக்கினால் அந்த ஈரம் நொடியில் நீராவியாகும். நீர் ஆவியானால் ஏறத்தாழ 1,700 மடங்கு விரியும். வழியில் இருக்கும் ஈயத்தை வாரி முகத்தில் இறைத்துவிட்டுத்தான் வெளியேறும்.

சிராங்கூன் பத்தர்

சூட்டின் கணக்கு சரிதான் அம்மா, அதில் எனக்கு வாதமில்லை. அப்படியானால் நவச்சாரம் (அமோனியம் குளோரைடு)? எங்கள் ஊரில் பித்தளை அண்டாவுக்கு வெள்ளீயம் பூச வருகிறவரிடம் வேறு எதுவும் இருக்காது. பாத்திரத்தைச் சூடேற்றி, நவச்சாரத்தைத் தூவி, பஞ்சால் ஒரு தேய்ப்பு. வெள்ளைப் புகை குப்பென்று கிளம்பும். புகை அடங்குவதற்குள் வெள்ளீயம் உள்பக்கம் முழுவதும் பரவியிருக்கும். குறைந்த சூட்டில் நடக்கிற வேலைதானே அது?

பழைய பட்டறை

அந்தக் காட்சியை நானும் பார்த்திருக்கிறேன் பத்தரே. ஆனால் அங்கே நவச்சாரத்தின் வேலை ஒட்டவைப்பது. பித்தளையின் மேல் படிந்திருக்கும் ஆக்சைடு தோலை அரித்தெடுத்தால்தான் வெள்ளீயம் பிடிக்கும். தூண்டில்காரத் தம்பிக்கு வேண்டியது பிரித்தெடுப்பது. ஈயம் சட்டியில் ஒட்டக்கூடாது, கரண்டியில் ஒட்டக்கூடாது, அழுக்கோடும் ஒட்டக்கூடாது. ஒட்டவைக்கிற சரக்கை இதற்குள் ஏன் கொண்டுவர வேண்டும்?

அந்த வெள்ளைப் புகையும் சாதாரணமானதல்ல. நவச்சாரம் 338 டிகிரியில் அமோனியாவாகவும் ஹைட்ரஜன் குளோரைடாகவும் பிரியும். ஈயம் உருகிய சட்டியின் சூடே அதுதான். போட்ட மாத்திரத்தில் தொண்டையைப் பிடிக்கும். மறுநாள் பார்த்தால் இரும்புச் சட்டி, கரண்டி, பக்கத்தில் வைத்த இடுக்கி எல்லாவற்றிலும் செந்துரு.

கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் வார்ப்பு வேலை செய்து ஓய்வுபெற்றவன் நான். நாங்கள் பயன்படுத்தியது காய்ந்த மரத்தூளும் மெழுகுத் துண்டும்தான். இரண்டுக்கும் வேலை வேறு. அதைப் பிரித்துப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

மெழுகு என்பது கொழுப்பு போன்ற எரிபொருள். உருகிய ஈயத்தின் மேல் பட்டாணி அளவு போட்டால் உடனே ஆவியாகித் தீப்பற்றும். எரிகிறபோது மேலே உள்ள மெல்லிய ஆக்சைடு தோலிலிருந்து பிராணவாயுவைப் பிடுங்கிக்கொள்ளும். தோலுக்குள் சிக்கிக் கிடந்த ஈயத்துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து கீழே இறங்கிவிடும். ஆனால் மெழுகு அழுக்கைத் தாங்கிப் பிடிக்காது. எரிந்து முடிந்ததும் மணலும் துருவும் தாரும் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆகவே ஏற்கெனவே சுத்தமான கட்டியைத் திரும்ப உருக்கும்போது மெழுகு போதும். அழுக்குச் சரக்கை முதன்முதலில் உருக்கும்போது போதாது.

மரத்தூள் கருகிக் கரியாகும். அந்தக் கரி இரண்டு வேலை செய்யும். ஈய ஆக்சைடிலிருந்து பிராணவாயுவை எடுக்கும். மணல், துரு, சாம்பல், ஒட்டுப்பசை எல்லாவற்றையும் தன்னோடு வாரி மேலே வைத்துக்கொள்ளும். அதற்கும் மேலாக, ஒரு விரல் கனத்துக்கு மேலே மூடியிருப்பதால் காற்று ஈயத்தைத் தொடாது. பத்தர் குப்பை என்று சொன்னது இந்தக் குப்பையைத்தான். எங்களுக்கு அதுதான் வேலைக்காரன்.

செய்முறையைக் கேட்கிறவர்களுக்காக எழுதிவிடுகிறேன். சரக்கு முழுவதையும் ஆறிய சட்டியில் போட்டுத்தான் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். உருகிக் கிடக்கும் ஈயத்தில் புதிய துண்டைப் போடவே கூடாது, அதுவும் கடற்கரையில் பொறுக்கிய குண்டை. கம்பி வளையம் மாட்டிய துளைக்குள் உப்பும் ஈரமும் அடைந்து கிடக்கும், வெளியிலிருந்து தெரியாது. சாயமும் தாரும் எரியும்போது காற்று வீசும் பக்கம் முதுகைக் காட்டி நில்லுங்கள். எல்லாம் உருகியதும் சக்கர எடைகளின் இரும்புக் கொக்கிகள் மேலே மிதக்கும், துளைக்கரண்டியால் அள்ளிவிடுங்கள். பிறகு மரத்தூளை ஒரு விரல் கனத்துக்குப் பரப்புங்கள். முதலில் பழுப்பாகிப் புகைக்கும். நீண்ட கழியின் நுனியில் தீயைப் பிடித்து அந்தப் புகைக்கே பற்றவைத்துவிட்டால் புகைமூட்டம் குறையும். கறுத்துக் கரியானதும் கலக்க ஆரம்பியுங்கள்.

கலக்குவதில்தான் பலர் சோம்பலாகிவிடுகிறார்கள். ஈயம் கனமானது, அதனால் அழுக்கு எல்லாம் தானே மேலே வந்துவிடும் என்று நினைப்பது பாதிதான் சரி. சட்டியின் சுவரிலும் அடியிலும் அப்பிக்கொண்ட அழுக்கு கரண்டியால் சுரண்டினால்தான் கிளம்பும். அடியிலிருந்து சுரண்டி மேலே கொண்டுவந்து கரியோடு சேர்த்து, சுவரில் வைத்து அழுத்தித் தேய்க்க வேண்டும். கூழாக, மினுமினுப்பாக இருந்த கசடு நேரம் ஆக ஆக உலர்ந்து சாம்பல் நிறத் தூளாக மாறும். கரண்டியில் அள்ளினால் ஈரப்பசை இல்லாமல் சரிந்து விழ வேண்டும். அந்தப் பதம் வந்தபின் வழித்தெடுங்கள். கூழாக இருக்கும்போதே வழித்தால் நல்ல ஈயத்தைத்தான் குப்பையில் கொட்டுகிறீர்கள்.

சுங்கை காடுட் ஆசாரி

பட்டறை அண்ணன் மரத்தூள் என்று பொதுவாகச் சொல்லிவிட்டார். எந்த மரத்தூள் என்பதை நான் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் பக்கம் வந்து மூட்டையாகக் கேட்கிறவர்கள் கண்ணில் பட்டதை அள்ளிக்கொண்டு போகிறார்கள்.

ஒட்டுப்பலகை, அழுத்தப்பலகை அறுத்த தூள் கூடாது. அதில் பாதி பசை. எரிந்தால் கண் எரியும், மூக்கு எரியும். வெளிப்புற வேலைக்கென்று மருந்து ஏற்றிய மரம் கண்டிப்பாகக் கூடாது. பழைய முறையில் மருந்து ஏற்றிய மரங்களில் செம்பு, குரோமியம், ஆர்செனிக் மூன்றும் இருக்கும். பச்சை சாயல் அடிக்கும். அதை ஈயத்தின் மேல் எரிப்பது ஒரு விஷத்துக்குத் துணையாக இன்னொன்றை அழைத்து வருவது. ரப்பர் மரத்தூள் இங்கே ஏராளம். ஆனால் பூச்சி அரிக்காமல் இருக்க அதற்குப் பெரும்பாலும் போரான் உப்பு ஏற்றியிருப்பார்கள். வெண்காரமும் போரான் உப்புதான்; மேலே அதைப் பற்றிச் சொன்ன தொல்லையைப் பின்வாசல் வழியாக ஏன் அழைக்க வேண்டும்?

நல்லது பைன் மரம். இயற்கையான பிசின் அதிலேயே இருக்கிறது. பட்டறைக்குப் போக வழியில்லாதவர்கள் செல்லப்பிராணிக் கடையில் வெள்ளெலிக்குப் படுக்கையாக விற்கும் பைன் சீவலை வாங்குங்கள். சுத்தமானது, உலர்ந்தது. வாங்கினாலும் ஒரு தட்டில் பரப்பி ஒரு நாள் வெயிலில் காயவைத்துவிடுங்கள். ஈரத் தூளைப் போட்டால் தூள் மட்டும் பறக்காது, ஈயமும் பறக்கும்.

கடலடி மணி

இத்தனை பாடு எதற்கு என்றுதான் எனக்குப் புரியவில்லை. துப்பாக்கிக் குண்டு வார்க்கிறவர்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள், அவர்களுக்கு உலோகத்தின் கடினம், கலவை, எடை எல்லாம் நூல் பிடித்தாற்போல வேண்டும். அவர்கள் இளக்கிக்காக மண்டையை உடைத்துக்கொள்வதில் அர்த்தம் இருக்கிறது. இங்கே அந்தப் பேச்சுக்கே இடமில்லை. கடலில் தூக்கிப்போடுகிற குண்டு கொஞ்சம் அழுக்காக இருந்தால் மீன் கோபித்துக்கொள்ளுமா? உருக்கு, மேலே மிதப்பதை வழித்துப்போடு, ஊற்று. முடிந்தது.

தூண்டில்காரன்

மணி அண்ணன் சொல்வதும் நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் நண்பர் ஒருவர் இளக்கியே போடாமல் வார்த்த குண்டுகளைக் கொடுத்தார். நடுவில் கோடு விழுந்து, கம்பி வளையத்தின் பக்கத்தில் பொத்தலாக இருந்தது. வீசும்போது வளையம் கழன்று குண்டு தனியாகப் பறக்கிறது. பக்கத்தில் ஆள் நிற்கும் படகுத்துறையில் அது விளையாட்டல்ல.

பழைய பட்டறை

அதற்குக் காரணம் இரண்டு. அச்சு சூடாக இல்லை, ஈயத்தில் ஆக்சைடு தோல் கலந்துபோயிருக்கிறது. அச்சை அடுப்பின் ஓரத்தில் வைத்துச் சூடேற்றுங்கள். உள்பக்கத்தை மெழுகுவர்த்திச் சுடரில் காட்டிக் கரி படியவையுங்கள், ஈயம் மூலை வரை ஓடும். தோலைப் பற்றித்தான் இவ்வளவு நேரம் பேசினோம். குண்டு சிவப்பா கறுப்பா என்பது மீனுக்குத் தெரியாது மணி, பொத்தல் எங்கே என்பது கம்பி வளையத்துக்குத் தெரியும்.

வேதிவாணி

மணி அண்ணனுடைய கேள்வியில் ஒரு நல்ல கருத்து ஒளிந்திருக்கிறது. குண்டுக்கு இளக்கியிலிருந்து எதிர்பார்க்க வேண்டியது கொஞ்சம்தான். அதைத் தாண்டி இணையத்தில் மரத்தூளுக்கு ஏற்றிச் சொல்லும் பெருமைகளை நம்பி வாளியில் எதையும் போட்டுவிடக்கூடாது.

மரத்தூள் போட்டால் ஆக்சைடாகிப்போன வெள்ளீயம்கூட முழுவதும் ஈயத்துக்கே திரும்பிவிடும் என்று எழுதுகிறார்கள். ஈய ஆக்சைடைக் கரி எளிதில் மீட்டுவிடும், உண்மை. வெள்ளீய ஆக்சைடு அவ்வளவு இலகுவில் விட்டுக்கொடுக்காது. நம் புலாவ் பிரானித் தீவில் 1890 முதல் ஸ்ட்ரெய்ட்ஸ் டிரேடிங் நிறுவனத்தின் வெள்ளீய உருக்காலை இயங்கியது. மலாயாவிலிருந்து வந்த தாதுவைக் கரியோடு சேர்த்துத்தான் அங்கும் வெள்ளீயம் எடுத்தார்கள். கொள்கை ஒன்றுதான், ஆனால் வெள்ளீய உலையின் சூடு 1,000 டிகிரிக்கு மேல். மாமாவின் கொட்டகையில் 370 டிகிரியில் அதே அற்புதம் முழுமையாக நடக்கும் என்று நான் நம்பமாட்டேன். கலக்கும்போது கசடு குறைவதற்குப் பெரும் காரணம், அதற்குள் சிக்கியிருந்த உலோகத் துளிகள் விடுபட்டு ஒன்றுசேர்வதுதான். அதுவே பெரிய லாபம், அதற்கு மேல் கதை கட்ட வேண்டியதில்லை.

முக்கியமாக, துத்தநாகம். எந்த மரத்தூளும் எந்த மெழுகும் உருகிக் கலந்துவிட்ட துத்தநாகத்தை வெளியே எடுக்காது. சக்கர எடை வாளியில் அது இருந்தே தீரும். ஐரோப்பிய ஒன்றியம் 2005இல் புதிய கார்களுக்கு ஈய எடைகளைத் தடுத்தபின் இரும்பு, துத்தநாக எடைகள் உலகம் முழுவதும் பரவிவிட்டன. துத்தநாகம் உருகுவது 419.5 டிகிரியில். ஈயச்சட்டி 370ஐத் தாண்டாமல் இருந்தால் அந்தத் துண்டுகள் உருகாமல் மேலே மிதக்கும், அள்ளிப்போட்டுவிடலாம். அவசரப்பட்டு அடுப்பை முழுவதும் திறந்துவிட்டால் போயிற்று. மேற்பரப்பு திரிந்த பால் போலத் திரள் திரளாகிவிடும், அச்சில் ஒழுங்காக ஓடாது. தூண்டில்காரர் வாங்க வேண்டிய முதல் சரக்கு இளக்கியல்ல, உருகிய உலோகத்தில் முக்கும் வெப்பமானி.

தூண்டில்காரன்

உருக்குவதற்கு முன்பே துத்தநாகத்தைக் கண்டுபிடிக்க முடியாதா?

பழைய பட்டறை

முடியும். பெரும்பாலான எடைகளில் எழுத்து பொறித்திருக்கும். ஆங்கில எழுத்தில் துத்தநாகத்தின் குறியீடும் (Zn) இரும்பின் குறியீடும் (Fe) உங்களுக்குப் பள்ளியிலேயே தெரியும். எழுத்து தேய்ந்திருந்தால் வெட்டுக்குறட்டை எடுத்து ஓரத்தைக் கடியுங்கள். ஈயமானால் குறடு உள்ளே இறங்கும், வெட்டிய இடம் பளபளக்கும். துத்தநாகமானால் குறடு வழுக்கும், கையில் வலிதான் மிஞ்சும். சிமென்ட் தரையில் போட்டுப் பார்த்தாலும் தெரியும். ஈயம் ‘தொப்’ என்று விழும், மற்றது கணீரென்று ஒலிக்கும். சந்தேகமானதை ஒதுக்கிவிடுங்கள், நாலு துண்டு போனால் குடி முழுகாது.

வாளியைப் பிரிக்கும்போது சக்கரத்தில் பசையால் ஒட்டும் ஒட்டு எடையையும் கொக்கியால் மாட்டும் கொக்கி எடையையும் தனித்தனியாக வையுங்கள். ஒட்டு எடை ஏறத்தாழச் சுத்த ஈயம், மிருதுவானது. கொக்கி எடையில் ஈயத்தைக் கடினமாக்கும் ஆன்டிமனி என்ற பொருள் கொஞ்சம் இருக்கும், கடினமானது. வளைத்துக் கிள்ளி மாட்டும் சின்னக் குண்டுக்கு மிருது வேண்டும். பெரிய கூம்புக் குண்டுக்குக் கடினம் நல்லது, பாறையில் மோதி நசுங்காது. தகடும் ஒட்டு எடையும் ஒரு சட்டி, கொக்கி எடையும் பற்றாசும் இன்னொரு சட்டி.

வெப்பமானி வரும்வரை கண்ணை நம்ப விரும்பினால் ஒரு அடையாளம் சொல்கிறேன். சுத்தமான ஈயத்தின் மேல்தோலை வழித்தவுடன் அது கண்ணாடியாக இருக்கும். சூடு கூடினால் சில நொடிகளில் மஞ்சள் படரும், பிறகு ஊதா, பிறகு நீலம். வர்ணம் ஓட ஆரம்பித்தால் அடுப்பைக் குறைக்க வேண்டும் என்று பொருள். பற்றாசு கலந்த சட்டியில் இந்த வர்ணவித்தை தெரியாது, வெள்ளீயம் அதை மறைத்துவிடும். அங்கே வெப்பமானி இல்லாமல் முடியாது.

புதிய உறுப்பினர் ஜூரோங்

எல்லாரும் சக்கர எடையையே பேசுகிறீர்கள். என்னிடம் பழைய கார் பேட்டரிகள் இருக்கின்றன. உடைத்துத் தட்டுகளை எடுத்து மரத்தூள் போட்டு உருக்கினால் சுத்தமாகிவிடாதா? ஈயம் அதில்தானே அதிகம்?

மட்டுறுத்துநர்

இந்த இழையில் பேட்டரி உடைப்பதற்கு வழி கேட்கவும் சொல்லவும் அனுமதியில்லை. வேதிவாணி காரணத்தை எழுதட்டும், அதற்குமேல் அந்தப் பேச்சு வேண்டாம்.

வேதிவாணி

கந்தக அமிலம் ஒரு பக்கம் இருக்கட்டும். பேட்டரித் தட்டுகளில் உள்ள உலோகக் கலவையில் வகையைப் பொறுத்து கால்சியம், ஆன்டிமனி, ஆர்செனிக் இருக்கும். உருக்கி வழித்த கசட்டில் ஈரம் பட்டால், ஒரு மழைத்தூறல் போதும், ஆர்சின், ஸ்டிபின் என்ற வாயுக்கள் உருவாகலாம். இரண்டும் ரத்தச் சிவப்பணுக்களை உடைப்பவை. எந்த இளக்கியும் அதைத் தடுக்காது. தட்டுகளில் பெரும்பகுதி ஈயமாகவும் இருப்பதில்லை, ஈய ஆக்சைடும் சல்பேட்டும்தான். பட்ட பாட்டுக்குக் கிடைப்பது சொற்பம். பேட்டரிகளை அப்படியே வாங்கிக்கொள்ளும் இடத்தில் கொடுத்துவிடுங்கள் தம்பி.

பொங்கோல் வாசி

நான் மீனும் பிடிப்பதில்லை, ஈயமும் உருக்குவதில்லை. கணவர் இந்த இழையை ஆர்வமாகப் படித்துக்கொண்டிருப்பதால் நானும் படித்தேன். எங்களுக்கு மூன்று வயதுக் குழந்தை இருக்கிறது. அண்ணன்மார் எல்லாரும் புகையைப் பற்றியே பேசுகிறீர்களே, முகமூடி போட்டுக்கொண்டால் போதுமா?

வேதிவாணி

நல்லவேளை நீங்கள் கேட்டீர்கள் அக்கா. 370 டிகிரியில் ஈயம் ஆவியாவது மிக மிகக் குறைவு. 500 டிகிரியைத் தாண்டும்போதுதான் ஈயப்புகை பெரிய கவலையாகிறது. நாம் பேசும் வேலையில் ஆபத்து அதிகம் இருப்பது தூளில்தான். பட்டறை ஐயா சொன்ன அந்த உலர்ந்த சாம்பல் நிறக் கசடு இருக்கிறதே, வேலை நன்றாக நடந்ததற்கு அடையாளம் அதுதான், இந்த முழு வேலையிலும் மோசமான பொருளும் அதுதான். இலேசாக இருக்கும், காற்றில் எழும், விரல் இடுக்கில், சட்டைக் கையில், செருப்பின் அடியில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வரும். குழந்தைகள் தரையில் விளையாடிவிட்டுக் கையை வாயில் வைப்பார்கள்.

குழந்தைகளின் ரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் பரவாயில்லை என்று சொல்லத்தக்க பாதுகாப்பான அளவே கிடையாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலை. அமெரிக்காவில் 2021இல் கவனிக்கத் தொடங்க வேண்டிய அளவை ஒரு டெசிலிட்டர் ரத்தத்துக்கு 3.5 மைக்ரோகிராம் என்று இன்னும் கீழே இறக்கினார்கள். சிங்கப்பூரில் தொழிலாக ஈயத்தோடு புழங்குகிறவர்களுக்கு மருத்துவப் பரிசோதனை சட்டப்படி கட்டாயம். பொழுதுபோக்காகச் செய்கிறவரை யாரும் பரிசோதிப்பதில்லை, அவராகப் போய்ப் பார்த்துக்கொண்டால்தான் உண்டு.

கணவரிடம் சொல்லுங்கள்: கசட்டை வழிக்கும்போதும் கொட்டும்போதும் நுண்துகளைத் தடுக்கும், முகத்தோடு பொருந்தும் முகமூடி. அந்த உடையும் காலணியும் தனி, வீட்டுத் துணியோடு துவைக்கக்கூடாது. அங்கேயே சோப்புப் போட்டுக் கையும் முகமும் கழுவிவிட்டுத்தான் தேநீர். உருக்கிய சட்டியும் கரண்டியும் இனி எந்தச் சமையலறைக்கும் திரும்பக்கூடாது. தரையைத் துடைப்பத்தால் கூட்டக்கூடாது. எல்லாம் ஆறி முடிந்தபின் ஈரத்துணியால் துடைத்து, துணியைக் கட்டிப் போட வேண்டும்.

பொங்கோல் வாசி

நன்றி. ‘குளுவாங் போய் வருகிறேன், நண்பர் உதவி கேட்டார்’ என்று சென்ற வாரமே சொல்லி வைத்திருந்தார். இப்போது யார் அந்த நண்பர் என்று தெரிகிறது.

தூண்டில்காரன்

அண்ணி, கூட்டிக்கொண்டு போவதானால் முழுக்கால் சட்டை, தோல் காலணி, முகக்கவசம் இல்லாமல் கொட்டகைக்குள் விடமாட்டேன். வாக்குக் கொடுக்கிறேன். குழந்தை உறங்கும் வீட்டுக்கு அந்த உடையோடு வரவும் விடமாட்டேன்.

பட்டறை ஐயாவுக்கு இன்னும் ஒன்று: மெழுகு எந்த மெழுகு? தேன்மெழுகுதான் வேண்டும் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். இங்கே அதன் விலையைப் பார்த்தால் ஈயக்குண்டை வாங்கிவிடலாம் போலிருக்கிறது.

பழைய பட்டறை

எந்த மெழுகானாலும் எரியும் தம்பி. வழிபாட்டில் மிஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டே போதும், திரியை மட்டும் எடுத்துவிடுங்கள். தேன்மெழுகின் வாசனை நன்றாக இருக்கும், ஈயத்துக்கு மூக்கு கிடையாது. ஓட்டிக் கழித்த பழைய என்ஜின் எண்ணெயை மட்டும் யார் சொன்னாலும் ஊற்றாதீர்கள். எண்ணெயில் என்னென்ன உலோகம் தேய்ந்து கிடக்கிறதோ, அந்தப் புகையை மாமாவின் அண்டை வீட்டார் சுவாசிக்க வேண்டுமா?

மெழுகைக்கூட விட்டுவிடலாம். காய்ந்த பைன் குச்சியால் கலக்கினால் குச்சியே கருகி இளக்கியாகிவிடும். சுத்தமான கட்டிகளை அச்சில் ஊற்றும் நாளில் நான் வேறு எதையும் போடுவதில்லை. குச்சி காய்ந்ததா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். முனையைச் சட்டியின் மேல் அனலில் சிறிது காட்டி, பிறகு மெதுவாக இறக்குங்கள்.

சிராங்கூன் பத்தர்

நவீன உருக்காலைகளில் காஸ்டிக் சோடா போட்டு ஈயத்தைச் சுத்தம் செய்வதாகக் கேள்விப்பட்டேனே. அதையாவது ஒப்புக்கொள்வீர்களா, அல்லது நான் எதைச் சொன்னாலும் தடைதானா?

வேதிவாணி

அது உண்மையான முறைதான் ஐயா, ஹாரிஸ் முறை என்பார்கள். உருகிய காஸ்டிக் சோடாவும் சோடியம் நைட்ரேட்டும் ஆர்செனிக், வெள்ளீயம், ஆன்டிமனி மூன்றையும் ஈயத்திலிருந்து பிரித்தெடுத்துவிடும். மரத்தூளால் முடியாத வேலை. ஆனால் நமக்கு அந்த ஆன்டிமனியும் வெள்ளீயமும் இருந்தால் நல்லது என்றுதானே பட்டறை ஐயா தனிச் சட்டி போடச் சொன்னார்? உருகிய காஸ்டிக் சோடா தோலில் பட்டால் எலும்பு வரை போகும். குண்டுக்காக அதைத் தொடத் தேவையில்லை.

சிராங்கூன் பத்தர்

சரி, நான் தங்கத்தோடேயே இருந்துகொள்கிறேன்.

கடலடி மணி

எனக்கு ஒரு சந்தேகம் மிச்சம் இருக்கிறது. வழித்த கசட்டை என்ன செய்வது? குளுவாங் தோட்டத்தில் வாழை மரத்தடியில் கொட்டுவார்கள், எனக்குத் தெரியும்.

பழைய பட்டறை

வாழை மரத்தடியில் கொட்டினால் அடுத்த தாரை நீங்களே சாப்பிட வேண்டியிருக்கும். ஆறியபின் மூடி இறுகும் உலோக டப்பாவில் போட்டு, உள்ளே என்ன என்று எழுதி ஒட்டுங்கள். ஈரம் படக்கூடாது. சிங்கப்பூரில் இத்தகைய கழிவு நச்சுத் தொழிற்கழிவு விதிகளுக்குள் வரும். தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் உரிமம் பெற்றவர்கள்தான் தொழிற்சாலைகளிலிருந்து எடுப்பார்கள். எங்கள் பட்டறையிலும் அப்படித்தான். குளுவாங்கில் சேர்ந்ததை அங்கேயே முடியுங்கள், டப்பாவோடு எல்லை தாண்டி வர வேண்டாம். ஈயம் வாங்கும் பழைய இரும்புக் கடைக்காரரிடம் முன்கூட்டியே கேளுங்கள். கசட்டில் இன்னும் ஈயம் இருப்பதால் உருக்காலைக்கு அனுப்புகிறவர் வாங்கிக்கொள்ள வாய்ப்புண்டு. வாங்க ஆள் கிடைத்தபின் அடுப்பைப் பற்றவைப்பதே முறை.

தூண்டில்காரன்

மாமாவிடம் பேசிவிட்டேன். குளுவாங்கில் அவருக்குத் தெரிந்த பழைய இரும்புக் கடைக்காரர் கசட்டை டப்பாவோடு எடுத்துக்கொள்வதாகச் சொன்னாராம். வெப்பமானி வாங்கியாயிற்று. இந்த வாரம் வாளியைக் கொட்டி, குறட்டால் ஒவ்வொன்றாகக் கடித்துப் பார்க்கப்போகிறேன். பைன் சீவல் பாசிர் ரிஸ் பக்கம் எந்தக் கடையில் பெரிய பையாகக் கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சுங்கை காடுட் ஆசாரி

கடையில் வாங்காதே தம்பி. சனிக்கிழமை மதியத்துக்கு மேல் எங்கள் பக்கம் வா. பைன் மட்டும் அறுக்கும் இயந்திரத்தின் அடியிலிருந்து ஒரு சாக்கு அள்ளித் தருகிறேன். சாக்கை நீ கொண்டுவா.